சுருவிலில் ஒரு ஏ 40 கார்



சென்ற இதழில் வீட்டுத்தோட்டமும் கோழி வளர்ப்பும் பற்றி எழுதியிருந்தேன். இம்முறை ஒரு பழைய கார் பற்றி எழுதப்போகிறேன். "எங்களுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பது விளங்குகிறது. முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பினால் ஒரு பிழையும் விட்டேன். அதைச் சொல்வதற்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டு ஆனி மாதம். நாடு முழுவதும் பெற்றோல் வரிசையில் நின்ற காலம். என் ஸ்கூட்டியை வீட்டில் நிறுத்திவிட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறிப் பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை எல்லாம் தாண்டி, மிச்சத் தூரத்தை நடந்து சுருவிலுக்குப் போயிருந்தேன். சனசமூக நிலையத்தில் பெண்கள் குழுக் கூட்டம். எல்லோரும் எரிபொருள் கதைதான் கதைத்தார்கள். ஓர் அக்கா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா சிரிக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு இது புதுசே பிள்ளை? அஞ்சு வருசம் மண்ணெண்ணெயில கார் ஓடிச் சீவிச்ச குடும்பமெல்லே நாங்கள். வா, காட்டிறன்" என்றார்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் கேட்டுக்கொண்டது அப்படி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. முதல் நாள் நான் "அம்மா" என்று கூப்பிட்டபோது, "அக்கா எண்டு சொல்லு, காணும்" என்று திருத்தியவர்.

வீட்டுக்குப் பின்னால், பனையோலை வேய்ந்த கொட்டிலுக்குள், கிழிந்துபோன தறப்பாளுக்குக் கீழே அது நின்றது. ஒஸ்ரின் ஏ 40, சோமசெற். நான்கு பக்கமும் கல் அடுக்கி உயர்த்தியிருந்தது. கதவுகளின் அடிப்பகுதி தின்னப்பட்டுக் கிடந்தது. தரைத் தகட்டின் ஓட்டைக்குள்ளால் புல் முளைத்திருந்தது. பின் சீற்றுக்குள் கோழி அடை கிடந்தது. விரலால் தொட்டேன்; கறள் சருகு சருகாகக் கழன்று விழுந்தது.

"இவருடைய கார்" என்றார் அக்கா. "இருந்த" என்றோ "இருக்கிற" என்றோ சொல்லவில்லை.

காரின் கதை

ஏ 40 சோமசெற் இங்கிலாந்தில் பேர்மிங்ஹாம் நகருக்கு அருகே லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்டது. நான்கு சிலிண்டர், 1200 சிசி எஞ்சின். கியர்த் தடி ஸ்ரியறிங்குக்குக் கீழே இருக்கும். முன்பக்கம் ஒரே நீட்டுச் சீற் என்பதால் நெருக்கி இருந்தால் முன்னுக்கு மட்டும் மூன்று பேர் இருக்கலாம். திரும்பும்போது வெளிச்சம் மின்னாது. கதவுத் தூணிலிருந்து ஒரு சிறு கை வெளியே நீளும். எங்கள் தாய்மார் கலியாணம் முடித்துப் போனதும், பிள்ளைப்பேற்றுக்குப் போனதும் பெரும்பாலும் இந்த ஏ 40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் கார்களில்தான்.

1960களின் தொடக்கத்திலிருந்து 1977 வரை இலங்கையில் கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. அதனால் ஏற்கெனவே வந்த கார்களைத் திருத்தித் திருத்தி ஓடவேண்டியதாயிற்று. அக்காவின் மாமனார் இந்தக் காரை மூன்றாவது கையாக வாங்கினாராம். இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துக்கள் இருக்கின்றன. 1957இல் வாகனத் தகடுகளில் சிங்கள "ஸ்ரீ" எழுத்து வந்ததும், 1958இல் அதை எதிர்த்து வடக்கில் எழுந்த போராட்டமும் நீங்கள் கேள்விப்பட்டவைதான். இந்தக் கார் அதற்கும் முந்தியது.

மாமனாருக்குப் பிறகு கணவர் ஓடினார். ஊர்காவற்றுறையில் ஹயர். சுருவில், கரம்பொன், நாரந்தனைப் பக்கத்தில் எத்தனையோ பேர் இந்தக் காரில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பிறந்தவர்கள்.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது. அன்றும் ஒரு பிள்ளைப்பேற்று ஹயரோடு யாழ்ப்பாணம் போன கார், கோட்டைப் பக்கத்தில் அடிபாடு தொடங்கியதால் பண்ணையால் திரும்பி வர முடியாமல் அங்கேயே நின்றுவிட்டது. ஆவணியில் தீவுப்பகுதிக்குள் இராணுவம் வந்தபோது அக்கா ஊர்ச் சனத்தோடு வள்ளத்தில் அராலிக்குக் கடந்தார். காரும் கணவரும் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். இரண்டு கிழமைக்குப் பிறகுதான் கொக்குவிலில் ஓர் உறவினர் வீட்டில் கண்டுகொண்டார்கள்.

பிறகு பொருளாதாரத் தடை. பெற்றோல் வராது, பற்றரி வராது. ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை நாங்கள்; உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் மண்ணெண்ணெயில் கார் எப்படி ஓடியது என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. பிறகு மெக்கானிக் ஐயாதான் சொல்லித் தந்தார். பெற்றோலைப் போல மண்ணெண்ணெய் குளிரில் இலகுவாக ஆவியாகாது. எஞ்சின் சூடேறிய பிறகுதான் எரியத் தொடங்கும். அதனால் முதலில் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய எஞ்சின்களில் கலவையை நெருக்கும் அழுத்தம் குறைவு, ஏழுக்கு ஒன்று என்ற அளவுதான். அதனால்தான் அவை தாங்கின. இன்றைய கார்கள் தாங்கா. ஆனாலும் எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். அடிக்கடி ஒயில் மாற்ற வேண்டும், ஒயிலுக்கும் தட்டுப்பாடு.

அந்தச் சில துளி பெற்றோலை விடுவதற்கு அக்காவின் கணவர் எடுத்தது மகளின் சூப்பிப் போத்தல். மகள் 1994இல் பிறந்தவள். "பிள்ளைக்குப் பால் கரைக்கப் பார்த்தால் போத்தில் முழுக்கப் பெற்றோல் மணம். நான் பேசாத பேச்சில்லை" என்று சொல்லிச் சிரித்தார்.

1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபோது இந்தக் காருக்குள் நடக்கமாட்டாத கிழவர்களும் குழந்தைகளும் இருந்தார்கள். 1996 சித்திரையில் திரும்பி வந்தார்கள். ஆடி மாதம் ஒரு நாள் காலை, பின் சில்லின் பிரேக் கசிகிறதென்று கணவர் சில்லைக் கழற்றினார். நட்டுகளையும் ஆணிகளையும் ஒரு ஜாம் போத்தலுக்குள் போட்டு மூடினார். பிரேக் றப்பர் வாங்கிவரச் சைக்கிளில் ரவுனுக்குப் போனார்.

அவ்வளவுதான். 1996இல் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கானோர் அப்படிப் போய்த் திரும்பவில்லை.

நான் விட்ட பிழை

அக்கா 2010இல் சுருவிலுக்கு மீளக்குடியேறியபோது காரையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சில்லில்லாத காரைப் பத்துப் பேர் தூக்கி ஏற்றினார்களாம். "வந்தவுடன அவர் முதல் கேக்கிறது கார் எங்கை எண்டுதான்" என்றார்.

பழைய இரும்பு வாங்குபவர்கள் வந்து கிலோக் கணக்கில் விலை சொன்னார்கள். 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களுக்கும் மதிப்பு ஏறியது. ஒரு தரகர் வந்து, நிற்கிறபடியே நாலு லட்சம் தருவதாகச் சொன்னார். அக்கா சம்மதிக்கவில்லை.

அன்று நான் செய்தது என்ன தெரியுமா? சமூகவியல் படித்த மூளை உடனே கணக்குப் போட்டது. பெண் தலைமைத்துவக் குடும்பம். மகள் முன்பள்ளி ஆசிரியை, சொற்ப வேதனம். பயன்படாத சொத்து ஒன்று கறள் பிடித்துப் போகிறது. "விற்றுப்போட்டு அந்தக் காசில ஒரு நல்ல தையல் மெசினும் கோழிக்கூடும் போடலாமேயக்கா" என்று சொன்னேன். நல்லதைத்தான் சொல்கிறேன் என்று நினைத்தேன்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தறப்பாளை இழுத்து மூடினார். அடுத்த மூன்று கூட்டங்களுக்கும் வரவில்லை.

பல்கலைக்கழகத்தில் படித்தும் மறந்துபோன ஒன்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்து, "தெளிவற்ற இழப்பு" என்ற கருத்தை முன்வைத்தார். செத்த வீட்டுக்கு எட்டு உண்டு, முப்பத்தொன்று உண்டு, ஆண்டுத் திவசம் உண்டு. காணாமற்போனவருக்கு எதுவும் இல்லை. துக்கம் தொடங்கவும் இல்லை, முடியவும் இல்லை. இது அந்தப் பெண்ணின் பலவீனம் அல்ல, அவர் நிற்கிற நிலைமை அப்படி என்கிறார் அவர். "மறந்துவிடு" என்று சொல்வதும் பிழை, "கட்டாயம் வருவார்" என்று சொல்வதும் பிழை. இரண்டையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு வாழப் பழகுவதற்கு உதவுவதுதான் எங்களைப் போன்றவர்களின் வேலை. நானோ தையல் மெசின் விலை சொல்லிக்கொண்டிருந்தேன்.

போய் மன்னிப்புக் கேட்டேன். "நீ சின்னப்பிள்ளை, உனக்கென்ன தெரியும்" என்று சொல்லித் தேநீர் தந்தார்.

மகள் எடுத்த முடிவு

2023 தையில் மகள் தொலைபேசி எடுத்தாள். அவளுக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எல்லாம் பொருந்தியும் வீட்டுக்குள் ஒரு சண்டை. அழைப்பிதழில் தகப்பன் பெயருக்கு முன்னால் "திரு" போடுவதா, "அமரர்" போடுவதா? மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகத்தான் கேட்டார்கள். அக்கா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

"அக்கா, நான் அம்மாவோட அதைப் பற்றிக் கதைக்கேல்ல. காரைத் திருத்துவம் எண்டு கேட்டனான். விக்கிறதுக்கில்ல, திருத்திறதுக்கு. அம்மா ஓம் எண்டிட்டா" என்றாள் மகள்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் 1960களின் பெரிய எஞ்சின் கார்களை வீட்டுக் கராஜில் பிரித்துப் பூட்டுவது பலருக்குப் பொழுதுபோக்கு. பணமும் கருவிகளும் இருக்கிறவர்களின் விருப்பம் அது. இலங்கையின் தெற்கிலும், 1990களில் காலிப் பக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொறிஸ் மைனர் நிலையம் ஒன்றோடு சேர்ந்து பழைய மைனர் கார்களுக்கு உதிரித் தகடுகள் செய்து அனுப்பினார்கள். ஒரே தீவுதான், அங்கே பழைய காருக்குப் புதுத் தகடு அடித்த காலத்தில் இங்கே ஒரு போத்தல் பெற்றோலுக்கு வழியில்லை. இப்போது சுருவிலில், ஒரு தாயும் மகளும், பனையோலைக் கொட்டிலும். கருவி என்று இருந்தது ஒரு சுத்தியலும் இரண்டு ஸ்பனரும்.

கணவரின் பழைய கூட்டாளி ஒருவர் ஊர்காவற்றுறையில் இருந்தார். கராஜை விட்டுப் பல வருடம். எழுபதைத் தாண்டிய மெக்கானிக். அக்கா போய்க் கேட்டார். "காசு தரமாட்டனண்ணை, சோறு தருவன்" என்று சொன்னாராம். "அவன்ர கார் எண்டால் சோறும் வேண்டாம்" என்று சொன்னவர், ஞாயிறு தோறும் வந்து மீன் குழம்போடு நன்றாகவே சாப்பிட்டார்.

கறளோடு ஒரு வருடம்

முதல் நாள் ஐயா ஒரு சின்னச் சுத்தியலோடு காரைச் சுற்றித் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு "டங்" என்று சொல்லும். உக்கியது "பொத்" என்று சொல்லும். சோக்கட்டியால் மகள் அடையாளம் போட்டாள். கதவடி, மட்காட், தரைத் தகடு, டிக்கியின் அடி எல்லாம் "பொத்". ஆனால் கீழே சசியைத் தட்டியபோது அது மணி போலக் கேட்டது. சோமசெற்றில் சசி தனி, அதன்மேல் பொடி தனியாகப் பூட்டியிருக்கும். பிறகு வந்த கார்களில் பொடியே சசி. அது உக்கினால் கார் முடிந்தது. "எலும்பு நல்லாயிருக்கு பிள்ளை. தோல்தான் போயிட்டுது" என்றார் ஐயா.

தீவில் இரும்புக்கு ஆயுள் குறைவு. வாடைக் காற்றும் சோளகமும் உப்பைத் தூக்கிக்கொண்டு வரும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். அந்த உப்பீரம் இரும்பை விரைவாகத் தின்னும். கறள், தின்னப்பட்ட இரும்பைவிடக் கூடிய இடம் எடுக்கும். அதனால்தான் பெயின்ற் கொப்பளம்போல் பொங்குகிறது. வெளியே ஒரு கொப்பளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கையளவு போயிருக்கும். இதை ஐயா சொன்னபோது அக்கா என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

கிணற்றுத் தண்ணீரால் காரைக் கழுவக்கூடாது என்பது முதல் சட்டம். எங்கள் தீவுக் கிணறுகள் பலவற்றில் உவர். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கழுவினார்கள். மகள் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் கைத்தொலைபேசியில் படம் எடுத்தாள். ஆணிகளை ஜாம் போத்தல்களுக்குள் போட்டுப் பெயர் எழுதி ஒட்டினாள். சின்ன ஆணிகளைக் கள்ளு வினாகிரியில் இரண்டு நாள் ஊறவிட்டு, அப்பச்சோடாத் தண்ணீரில் கழுவி, துடைத்து, ஒயில் பூசினார்கள். கறள் தானாகக் கழன்று வந்தது. புளி போட்டுக் குத்துவிளக்கு மினுக்குகிற அதே வித்தைதான்.

பெரிய துண்டுகளுக்கு வேறு வழி. ஒரு பிளாஸ்ரிக் பீப்பாவில் தண்ணீர்; அதில் சலவைச் சோடா; கறள் பிடித்த துண்டை உள்ளே தொங்கவிட்டுப் பற்றரி சார்ஜரின் நெகற்றிவ் வயரைப் பூட்டினார்கள். பக்கத்தில் ஒரு பழைய இரும்புத் துண்டு. அதற்குப் பொசிற்றிவ் வயர். இரண்டும் ஒன்றோடொன்று முட்டக்கூடாது. ஒரு நாளில் கறள் இளகிவிடும். அதிலிருந்து எரியக்கூடிய வாயு வரும். வெளியிடத்தில்தான் செய்யவேண்டும், நெருப்பு அண்டக்கூடாது. எவர்சில்வர் துண்டைப் பொசிற்றிவ்வில் பூட்டக்கூடாது, நஞ்சு கலக்கும்.

ஐயா மிகக் கண்டிப்பாக இருந்த விடயங்கள் இன்னும் சில. பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி உரஞ்சாமல் நனைத்து உரஞ்சவேண்டும், சின்னப் பிள்ளைகள் கிட்ட நிற்கக்கூடாது. பழைய பிரேக் தூசியில் கல்நார் இருக்கும், ஊதக்கூடாது. பெற்றோல் தாங்கியைக் கழற்றி அப்பால் வைக்காமல் வெல்டிங் தொடங்கக்கூடாது. வெறும் தாங்கிக்குள்ளும் ஆவி நிற்கும், அது வெடிக்கும். பழைய வயர்களின் துணிச்சுற்று பொடியாகிவிட்டது. எல்லாம் புதிது போடவேண்டும்.

உக்கிய இடங்களை வெட்டி, 20 கேஜ் தகட்டில் துண்டு வெட்டி ஒட்டினார்கள். கடதாசி மட்டையில் முதலில் அளவு வெட்டிப் பார்த்துத் தகட்டில் வெட்டுவது அக்காவின் யோசனை. "சட்டை வெட்டிறமாதிரித்தானே" என்றார். வெல்டிங் செய்ய ஒரு தம்பி வந்தான். நாலாம் கிழமை மகள் தானே கேட்டு வாங்கிப் பிடித்தாள். சீற்றுகளுக்குத் தும்பு அடைத்து உறை தைத்தது அக்கா. கிடைக்காத சாமான்கள் கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய பாகக் கடைகளிலிருந்து பஸ்ஸில் வந்தன.

ஊரில் கதை வராமல் இருக்குமா? "குமர்ப்பிள்ளை காருக்குக் கீழ படுத்துக் கிடக்கிறாள்" என்றார்கள். "மாப்பிள்ளை வீட்டுக்காரர் அறிஞ்சால்?" என்றார்கள். மாப்பிள்ளைப் பொடியன் அறிந்துதான் இருந்தான். ஒரு ஞாயிறு அவனே சான்ட் பேப்பர் வாங்கிக்கொண்டு வந்து உரஞ்சத் தொடங்கினான். அதோடு கதை அடங்கிவிட்டது.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளைக்குள்ளும் மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து விட்டு, இரண்டு கிழமை அப்படியே விட்டார் ஐயா. "அவசரப்பட்டு முறுக்கினால் உடையும். ஊறவேணும்" என்றார். பிறகு முன்னாலே கைப்பிடியைப் போட்டு மெதுவாக அசைத்தார். அசையவில்லை. இன்னும் ஒரு கிழமை. மூன்றாம் முறை ஒரு நெல்லளவு அசைந்தது. அன்று எல்லோரும் பாயசம் குடித்தோம்.

ஜாம் போத்தல்

கடைசியாக மிஞ்சியது பின் சில்லின் பிரேக். 1996இல் கழற்றியபடியே கிடந்தது. புதுப் பிரேக் றப்பர் பஞ்சிகாவத்தையிலிருந்து வந்துவிட்டது. ஐயா அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அக்காவும் பேசவில்லை. அந்த ஞாயிறு வேலை நடக்கவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் இல்லை.

மூன்றாம் ஞாயிறு அக்கா சாமி அறைக்குள் போனார். படங்களுக்குப் பக்கத்தில் ஒரு ஜாம் போத்தல் இருந்தது. நான் பலமுறை கண்டும் திருநீறோ ஏதோ என்று நினைத்தது. அதற்குள் அந்த நட்டுகளும் ஆணிகளும். இருபத்தேழு வருடங்களுக்கு மேலாக, கொக்குவிலில் இருந்து சுருவிலுக்கு, வீடு மாறி வீடு மாறி, ஒயில் விட்டு வைத்திருந்திருக்கிறார். ஒன்றிலும் கறள் இல்லை.

"பூட்டுங்கோ அண்ணை" என்று கொடுத்தார்.

ஐயா ஒரு நட்டைத் தான் பூட்டாமல் அக்காவின் கையில் ஸ்பனரைக் கொடுத்தார்.

2024 ஆவணியில் எஞ்சின் எழும்பியது. சூப்பிப் போத்தலை அக்கா தரவில்லை, றப்பரும் உக்கிவிட்டது. ஊசி போடும் சிறிஞ்சியால் பெற்றோல் விட்டோம். கைப்பிடியை ஐயா சுற்ற, நாலாவது சுற்றில் இருமிக்கொண்டு பிடித்தது. கோழிகள் பறந்தன. அயல் முழுக்க வேலியடிக்கு வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்ற அக்கா, "ஒருக்கா மண்ணெண்ணெய் விடுங்கோ அண்ணை" என்றார். "எஞ்சினுக்குக் கூடாது" என்றார் ஐயா. அக்கா கேட்டுக்கொண்டே நின்றார். ஐயா குழாயைக் கழற்றி, ஒரு சின்னப் போத்தலிலிருந்து கொஞ்சம் மண்ணெண்ணெய் ஓடவிட்டார். வெள்ளைப் புகை எழும்பியது. அந்த மணம் வந்தது. எனக்கும் அந்த மணம் தெரியும். சின்ன வயதில் தெருவெல்லாம் அதுதான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார். "இப்ப சரி, நிப்பாட்டுங்கோ" என்றார்.

பெயர் யாருடையது?

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் வீதியில் ஓட வரிப்பத்திரம் வேண்டும், காப்புறுதி வேண்டும், புகைச் சான்றிதழ் வேண்டும். வாகனப் புத்தகம் கணவரின் பெயரில். ஓர் அலுவலகத்தில், "மரணச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வாங்கோ, வேலை சுகம்" என்று சொன்னார்கள். அக்கா எழும்பி வந்துவிட்டார்.

சகோதரிகளே, உங்களில் பலருக்கு இதே பிரச்சினை காணியில், வங்கிக் கணக்கில், பிள்ளைகளின் விடயத்தில் இருக்கிறது. ஒன்றை அறிந்து வைத்திருங்கள். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின்படி, காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்காமல், அவர் காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றைப் பெறலாம். அது அவர் இறந்துவிட்டார் என்று சொல்வதில்லை. அதை எடுத்தால் தேடுவதை விட்டுவிட்டீர்கள் என்றும் ஆகாது. எடுப்பதும் விடுவதும் உங்கள் முடிவு. இந்த அலுவலகங்களில் நம்பிக்கை இல்லை என்று 2017 முதல் தெருவில் இருந்து கேட்கும் தாய்மாரின் கோபமும் நியாயமானது. ஆனால் யாராவது அவசரப்படுத்தி மரணப் பத்திரத்தில் ஒப்பமிடச் சொன்னால், வேறு வழியும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பதில் சொல்லுங்கள். பிரதேச செயலகத்திலும், இலவச சட்ட உதவி வழங்கும் இடங்களிலும் விசாரியுங்கள். தனியே போகாமல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அக்கா இன்னும் முடிவெடுக்கவில்லை. விண்ணப்பப் படிவம் சாமி அறையில், ஜாம் போத்தல் இருந்த இடத்தில் இருக்கிறது. நான் கேட்பதில்லை.

மகளின் கலியாணம் 2025 ஆவணியில் நடந்தது. அழைப்பிதழில் தகப்பனின் பெயருக்கு முன்னால் "திரு"வும் இல்லை, "அமரர்" என்றும் இல்லை. பெயர் மட்டும். "அப்பாவின்ர பெயர் காணும்" என்றாள் மகள்.

கறுப்புப் பெயின்ற் அடித்து, மாலை போட்டு, கார் பந்தலடியில் நின்றது. வீதிக்கு இறக்க முடியாது. அதனால் பொம்பிளையையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு பந்தலில் இருந்து படலை வரைக்கும், படலையில் இருந்து திரும்பப் பந்தல் வரைக்கும் ஐயா ஓட்டினார். ஓர் அறுபது யார் இருக்கும். சின்னப் பிள்ளைகள் பின்னால் ஓடின. அக்கா முன் சீற்றில், நடுவில் ஓர் இடம் விட்டு, கரையில் இருந்தார்.

உங்கள் வீட்டிலும் ஒரு சைக்கிளோ, தையல் மெசினோ, ரேடியோவோ, வலையோ அப்படியே மூடி வைத்திருப்பீர்கள். அதை விற்கச் சொல்லியோ திருத்தச் சொல்லியோ நான் எழுதவில்லை. நீங்கள் எடுக்கும் முடிவு எதுவானாலும், அதுவரைக்கும் அது கறள் பிடிக்காமல் இருக்கட்டும். ஒரு துணியும் கொஞ்ச ஒயிலும் காணும். துடைத்தபின் மனதில் வருவதை எங்களுக்கு எழுதுங்கள். பெயர் போட விருப்பமில்லாவிட்டால் போடமாட்டோம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.